எழுதுமேசையைத் தேடும் ஹேஸ்டிங்ஸ்: கல்கத்தா மாளிகைகளும் அவற்றின் பேய்களும்

1787 செப்டம்பரில் 'கல்கத்தா கெஜட்' இதழில் ஒரு விளம்பரம் வெளியானது. வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய வாரன் ஹேஸ்டிங்ஸின் பழைய கறுப்பு மர எழுதுமேசை ஒன்றைக் காணவில்லை. உள்ளே இரண்டு சிறிய படங்களும் சில அந்தரங்கக் காகிதங்களும் இருந்தன. அவர் ஊரைவிட்டுப் புறப்பட்ட சமயத்தில் எஸ்பிளனேடில் இருந்த வீட்டிலிருந்து யாரோ திருடியிருக்கலாம், அல்லது சாமான்களை ஏலம் விட்டபோது தவறுதலாக அதுவும் விலைபோயிருக்கலாம். துப்புக் கொடுப்பவருக்கு 2,000 சிக்கா ரூபாய் சன்மானம். அந்தக் காலத்துக்கு அது கொழுத்த தொகை. ஆனாலும் மேசை கிடைக்கவில்லை.

கொல்கத்தாவின் மிகப் பிரபலமான பேய்க்கதைக்கு இந்த விளம்பரம்தான் விதை. அலிப்பூரில் ஹேஸ்டிங்ஸ் வசித்த மாளிகை இன்றும் அவர் பெயராலேயே 'ஹேஸ்டிங்ஸ் ஹவுஸ்' என்று வழங்குகிறது. மகளிருக்கான ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி அங்கே நடக்கிறது. நள்ளிரவில் குதிரைகள் பூட்டிய சாரட்டு ஒன்று வாசலில் வந்து நிற்கும், வயதான துரை ஒருவர் அவசரமாக இறங்கி உள்ளே போவார், அறை அறையாக எதையோ தேடுவார் என்பது கதை. அவர் தேடுவது அந்தக் காகிதங்களைத்தான். லண்டன் நாடாளுமன்றத்தில் தன்மீது நடந்த விசாரணையில் அவை கையில் இருந்திருந்தால் மானம் காத்திருக்கும் என்பது அவருடைய ஆற்றாமையாம்.

கதையைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். முதலாவது, விளம்பரம் சொல்வது எஸ்பிளனேடு வீட்டை. பேய் வந்து தேடுவதோ சில மைல் தெற்கே உள்ள அலிப்பூர் வீட்டில். தன் சாமான் எந்த வீட்டில் தொலைந்தது என்று அதன் சொந்தக்காரருக்கே மறந்துபோனது விந்தைதான். இரண்டாவது, அந்தக் காகிதங்கள் இல்லாமலேயே அவர் தப்பித்துவிட்டார். 1788இல் தொடங்கிய விசாரணை ஏழு ஆண்டுகள் இழுத்து, 1795 ஏப்ரலில் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலையோடு முடிந்தது. வழக்குச் செலவு அவர் கைப்பொருளைக் கரைத்தது உண்மை. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி அவருக்கு ஆண்டுத்தொகை கொடுத்தது. பரம்பரை ஊரான டேல்ஸ்ஃபோர்டில் முன்னோர் இழந்த நிலத்தை மீட்டு வாழ்ந்து, 1818இல் 85 வயதில் படுக்கையில் செத்தார். அற்பாயுசு, அகால மரணம், நிறைவேறாத ஆசை என்று பேயாவதற்கு நம் ஊரில் கேட்கப்படும் தகுதிகளில் ஒன்றுகூட அவருக்கு இல்லை.

ஆகவே இது கண்டவர் சொல்லிப் பரவிய கதை என்பதைவிட, படித்தவர் சொல்லிப் பரவிய கதை என்றே நினைக்கிறேன். பழைய கெஜட்டைப் புரட்டிய ஒருவருக்குத்தான் எழுதுமேசை தெரிந்திருக்கும். சாரட்டு, நள்ளிரவு, தொலைந்த பத்திரம் என்ற சேர்மானம் இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பிரபு மாளிகைக் கதைகளுக்கே உரியது. பழைய கல்கத்தாவைப் பற்றி ஆங்கிலேயர்கள் ஏக்கத்தோடு எழுத ஆரம்பித்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். பஸ்டீடின் 'எக்கோஸ் ஃப்ரம் ஓல்ட் கல்கத்தா' 1882இல் வந்தது. அடுத்து வைஸ்ராயாக வந்த கர்சன் பிரபுவுக்கு ஹேஸ்டிங்ஸ்மேல் தனிப் பற்று. பாழடைந்து கிடந்த அலிப்பூர் மாளிகையை வாங்கிச் செப்பனிட்டு, சமஸ்தான மன்னர்கள் வந்து தங்கும் அரசு விருந்தினர் மாளிகையாக்கினார். வீட்டுக்குப் பழைய மரியாதை திரும்பியபோது, பழைய எஜமானரும் திரும்பி வந்தார் என்றே கொள்ள வேண்டும்.

வங்காளியின் பேய் இப்படிப்பட்டதல்ல. அது மாளிகையில் குடியிருந்ததே இல்லை. வில்வ மரத்தில் பிரம்மதைத்யன் இருப்பான். அவன் பிராமணப் பேய், பூணூல் போட்டவன், மற்றப் பேய்களைவிட ஆசாரமானவன், சில சமயம் உதவியும் செய்வான். சங்கு வளையல் அணிந்த சுமங்கலிப் பேய் சாக்சுன்னி. மணமாகாமல் செத்தவள் பேத்னி. மீனுக்கு ஆசைப்பட்டுக் குளத்தங்கரையில் சுற்றுவது மெச்சோ பூத். இரவில் வேண்டியவரின் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே இழுத்துப் போவது நிஷி. முஸ்லிம்களுக்கும் தனியே மாம்தோ பூத் உண்டு. சாதி, சமயம், திருமணம், சாப்பாடு என்று ஊரின் சமூகப் பட்டியல் அப்படியே மரத்துக்கும் குளத்துக்கும் இடம் மாறியிருக்கிறது. லால் பிஹாரி டே 1883இல் வெளியிட்ட வங்க நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் இந்தப் பேய்களில் சிலவற்றைப் பார்க்கலாம். புளியமரத்து முனியையும் பிரம்மராட்சசனையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இவை தூரத்து உறவினர்கள்.

கார்த்திகை மாத அமாவாசைக்கு முதல் நாள் இரவு, பூத சதுர்த்தசியன்று, வங்காளி வீடுகளில் 14 விளக்கு ஏற்றி 14 வகைக் கீரை சமைக்கிறார்கள். வருவது 14 தலைமுறை முன்னோர் என்றும் சொல்கிறார்கள், பேய்களை விரட்டத்தான் விளக்கு என்றும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே கோடு போட அவர்கள் மெனக்கெடவில்லை. செத்தவர் என்றால் உறவுக்காரர், அவ்வளவுதான்.

கட்டடத்தைப் பிடித்துக்கொண்ட பேய் வங்க இலக்கியத்தில் பேருருவம் எடுத்தது தாகூரின் 'க்ஷுதித பாஷாண்' கதையில்தான், 1895இல். அதற்குத் தூண்டுதல்கூடக் கல்கத்தாவில் கிடைத்ததல்ல. 1878இல், பதினேழு வயதில், அகமதாபாத்தில் நீதிபதியாக இருந்த அண்ணன் சத்யேந்திரநாத்தோடு சாஹிபாக் அரண்மனையில் தங்கியபோது மனத்தில் விழுந்தது. மொகலாயர் காலத்து அந்தப்புரம், பருத்தி வரி வசூலிக்க வந்த அதிகாரி ஒருவரை விழுங்கப் பார்ப்பதுதான் கதை. அதே காலத்தில் கிப்ளிங் எதிர்த் திசையிலிருந்து எழுதினார். 1888இல் வந்த அவருடைய ஒரு கதையில், தாக் பங்களாவில் இரவெல்லாம் பில்லியர்ட்ஸ் ஆடும் சத்தம் கேட்கிறது. அறை ஒரு காலத்தில் பில்லியர்ட்ஸ் அறையாக இருந்தது என்றும் தெரிய வருகிறது. கதைசொல்லிக்குப் பரம திருப்தி. கடைசியில் பார்த்தால் ஓர் எலியும் ஆடும் ஜன்னல் கொக்கியும். உண்மையைக் கண்டுபிடித்ததில் அவருக்கு வந்தது நிம்மதி அல்ல, ஏமாற்றம். இந்தியாவில் நாமும் பேயாகும் அளவுக்கு வேர் விட்டுவிட்டோம் என்று காட்டிக்கொள்ள ஆங்கிலேயருக்கு இருந்த ஆசையை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்ட எழுத்து குறைவு.

இங்கே ஒரு பெரிய கேள்வி எழுகிறது. பேய்க்கதை என்பது அதிகாரத்தால் நசுக்கப்பட்டவர்களின் குரல், ஏட்டில் இடம் கிடைக்காதவர்கள் இருட்டில் வந்து நியாயம் கேட்கிறார்கள் என்பது இன்று ஆய்வாளர்களிடம் செல்வாக்குள்ள ஒரு கருத்து. நம் ஊர் நீலி கதைக்கும் பல மாடன் கதைகளுக்கும் அது கச்சிதமாகப் பொருந்தும். கல்கத்தா மாளிகைகளுக்குப் பொருந்தவில்லை. அங்கே நடமாடுபவர்கள் எஜமானர்கள்.

ஹேஸ்டிங்ஸின் கதையிலேயே நியாயம் கேட்க வேண்டிய ஒருவர் இருக்கிறார். மகாராஜா நந்தகுமார். 1775 மார்ச்சில், கவர்னர் ஜெனரல் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் லஞ்சம் வாங்கினார் என்று கவுன்சில் முன் எழுத்து மூலம் குற்றம் சாட்டினார். சில வாரங்களில், பழைய கடன் பத்திரம் ஒன்றைப் போலியாகத் தயாரித்ததாக அவர்மீதே வழக்குப் பாய்ந்தது. விசாரித்தவர் தலைமை நீதிபதி எலிஜா இம்பி, ஹேஸ்டிங்ஸின் பள்ளித் தோழர். போலிப் பத்திரத்துக்குத் தூக்கு என்பது இங்கிலாந்துச் சட்டம், வங்காளத்து வழக்கத்தில் இல்லாதது. 1775 ஆகஸ்ட் 5ஆம் தேதி நந்தகுமார் தூக்கிலிடப்பட்டார். பிராமணரைத் தூக்கில் போட்டதைக் கண்ட பாவம் தீரக் கூட்டம் ஹூக்ளியில் போய் முழுகியதாக மெக்காலே எழுதுகிறார். அது நீதிமன்றக் கொலையா இல்லையா என்று ஆங்கிலேயர்களே ஒரு நூற்றாண்டு கழித்தும் புத்தகம் போட்டுச் சண்டையிட்டார்கள். 1885இல் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் இம்பிக்காக வாதாட, அடுத்த ஆண்டே பெவரிட்ஜ் நந்தகுமாருக்காக எழுதினார்.

வங்க மரபுப்படி பிரம்மதைத்யனாக இவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. பிராமணர், துர்மரணம், தீராத வஞ்சம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் கொல்கத்தாவின் பேய் மாளிகைப் பட்டியல்களில் முதலில் வருவது அவரைத் தூக்குக்கு அனுப்பியதாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் பேய். காரணம் எளியது. நந்தகுமாருக்கு அந்த நகரத்தில் அவர் பெயர் தாங்கிய மாளிகை இல்லை. அவர் பெயர் நிற்பது வீர்பூம் மாவட்டத்தில், ஆகாலிப்பூரில் அவர் எழுப்பிய குஹ்யகாளி கோயிலில். அங்கே அவர் ஸ்தாபகர். கோயில் உள்ளவருக்குப் பேயுருவம் எதற்கு?

பெயர்தான் பேயைப் பிறப்பிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி அலிப்பூரிலேயே, ஹேஸ்டிங்ஸ் ஹவுஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெல்வடேர் மாளிகை. அதுவும் ஒரு காலத்தில் ஹேஸ்டிங்ஸுடையதுதான். அதன் அருகே 1780 ஆகஸ்ட் 17 காலையில் அவரும் கவுன்சில் உறுப்பினர் ஃபிலிப் ஃபிரான்சிஸும் துப்பாக்கி ஏந்தி துவந்த யுத்தம் செய்தார்கள். ஃபிரான்சிஸுக்குக் குண்டு பாய்ந்தது, பிழைத்துக்கொண்டார். பின்னாளில் வங்காள லெப்டினன்ட் கவர்னர்களின் இல்லமாக இருந்த அந்த மாளிகை, 1953இல் மௌலானா ஆசாத் திறந்துவைத்த தேசிய நூலகமானது. வையாபுரிப் பிள்ளை சேர்த்துவைத்த தமிழ் நூல்களும் அந்த நூலகத்தின் வசம்தான் இருக்கின்றன. தமிழ் ஆய்வாளர்களுக்கு அதனால் பெல்வடேர் அந்நிய வீடல்ல.

அங்கே உலவுவதாகச் சொல்லப்படுவது லேடி மெட்காஃப். கவர்னர் ஜெனரல் சார்லஸ் மெட்காஃபின் மனைவி, ஒழுங்குக்குப் பெயர்போனவர். எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்தில் வைக்காமல் போனால் பின்கழுத்தில் மூச்சுக்காற்று படும். ஆராய்ச்சி மாணவர்களைத் திருத்த இப்படியொரு பேய் எல்லா நூலகத்துக்கும் வேண்டும்தான். ஆனால் சார்லஸ் மெட்காஃபுக்கு மனைவியே கிடையாது. 1835இல் பத்திரிகைகளின் விலங்கை அகற்றிய அந்த மனிதர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. இளமையில் இந்தியப் பெண் ஒருவரோடு வாழ்ந்து, அவர் மூலம் மூன்று ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தப் பெண்ணை 'லேடி' என்று அன்றைய ஆங்கிலச் சமூகம் ஒருநாளும் அழைத்திருக்காது.

அப்படியானால் இந்த அம்மாள் எங்கிருந்து வந்தார்? என் ஊகம் இது. பத்திரிகை விடுதலைக்கு நன்றியாக நகரத்தார் ஸ்ட்ராண்ட் சாலையில் எழுப்பிய கட்டடம் மெட்காஃப் ஹால். கல்கத்தா பொது நூலகமும், அதன் வாரிசாக 1903இல் கர்சன் திறந்த இம்பீரியல் நூலகமும் அங்கே இருந்தன. இம்பீரியல் நூலகம்தான் பெயர் மாறித் தேசிய நூலகமாகி பெல்வடேருக்குக் குடிவந்தது. பழைய கட்டடத்தின் பெயர் நூலகத்தோடு கூடவே வந்து, ஆள் இல்லாத பெயருக்கு ஒரு பெண்ணுருவம் கிடைத்துவிட்டது. பிறக்கவே பிறக்காத ஒருத்தியின் ஆவி!

நூலகத்தின் புத்தகங்கள் பாஷா பவன் என்ற புதுக் கட்டடத்துக்கு மாறிய பின், பெல்வடேரைச் சீரமைக்கும் வேலையைத் தொல்லியல் துறை ஏற்றது. 2010 நவம்பரில் தரைத்தளத்தில் கதவோ ஜன்னலோ இல்லாத, சுமார் 1,000 சதுர அடி அடைப்பு ஒன்று இருப்பதாகச் செய்தி வந்தது. சித்திரவதைக் கூடம் என்றார்கள், புதையல் என்றார்கள், எலும்புக்கூடுகள் என்றார்கள். பாரம்பரியச் சுவரைச் சட்டென்று இடிக்க முடியாதல்லவா, ஆகவே ஊகங்களுக்கு நல்ல அவகாசம் கிடைத்தது. கடைசியில் தெரிந்தது, உள்ளே முழுக்க மண். மேலே இருக்கும் பாரத்தைத் தாங்க அடித்தளத்தைக் கெட்டிப்படுத்தும் பழைய கட்டுமான உத்தி. பேய் வலைத்தளங்கள் மர்ம அறையை வைத்துக்கொண்டன, மண்ணை விட்டுவிட்டன. சீரமைப்பின்போது கூலியாட்கள் பலர் செத்ததாகவும் ஒரு வதந்தி சுற்றுகிறது. கவனியுங்கள், அந்தக் கூலியாட்களுக்குப் பெயர் இல்லை. பிறக்காத சீமாட்டிக்குப் பெயர் இருக்கிறது.

மூன்றாவது கட்டடம் ரைட்டர்ஸ் பில்டிங். கம்பெனியின் இளநிலை எழுத்தர்கள் தங்குவதற்காக தாமஸ் லயன் 1777இல் கட்டத் தொடங்கியது. பின்பு வங்காள அரசின் தலைமைச் செயலகம். 1930 டிசம்பர் 8ஆம் தேதி, ஐரோப்பிய உடையில் மூன்று இளைஞர்கள் உள்ளே நுழைந்தார்கள். வினய் பாசுவுக்கு 22 வயது, தினேஷ் குப்தாவுக்கு 19, பாதல் குப்தாவுக்கு 18. சிறைத்துறைத் தலைவர் லெப்டினன்ட் கர்னல் சிம்சனை அவர் அறையிலேயே சுட்டுக் கொன்றார்கள். அரசியல் கைதிகளை அடித்து நொறுக்கியதற்காக வெறுக்கப்பட்டவர் அவர். நீண்ட தாழ்வாரத்தில் போலீசோடு துப்பாக்கிச் சண்டை நடந்தது. பிடிபடுவதற்கு முன் பாதல் சயனைடு விழுங்கினார். மற்ற இருவரும் தங்களையே சுட்டுக்கொண்டார்கள். வினய் ஐந்து நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். தினேஷைப் பிழைக்கவைத்து, 1931 ஜூலை 7 அன்று தூக்கில் போட்டார்கள்.

இரவில் அந்தத் தாழ்வாரத்தில் பூட்ஸ் சத்தம் கேட்கிறது, காலி அறையில் தட்டச்சு ஓசை வருகிறது, யாரோ அலறுகிறார்கள் என்று ஊழியர்கள் சொல்வதுண்டு. இருட்டினால் அந்தப் பக்கம் போகமாட்டார்களாம். (மாலை ஐந்து மணிக்கு மேல் அரசு அலுவலகத்தில் இருக்கப் பேய் பயம்தான் தடை என்பதை நம்புவதற்குப் பெரிய மனது வேண்டும்.) நடமாடுவது யார் என்று கேட்டால் வரும் பதில் சிம்சன். மூன்று பையன்களை யாரும் சொல்வதில்லை. சொல்லத் தேவையுமில்லை. அந்த டல்ஹௌசி சதுக்கமே இன்று வினய்-பாதல்-தினேஷ் பாக். எதிரே அவர்களுடைய சிலைகள் நிற்கின்றன. பேருந்து நடத்துனர் ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தப் பெயரைக் கூவுகிறார். சிம்சனுக்கு அங்கே எதுவும் இல்லை. வங்காளி பேய்க்கதை சொல்லி அவரை வைத்திருக்கிறார் என்றால், அதில் அனுதாபம் துளியும் கிடையாது. சுட்ட இடத்திலேயே அவரைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

ஆக, ஹேஸ்டிங்ஸின் பேயும் சிம்சனின் பேயும் ஒரே வகையல்ல. முன்னதை ஆங்கிலேயர்கள் தங்கள் ஆளுக்காகச் செய்தார்கள். இரண்டாவதை வெள்ளையன் போனபின் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்த உள்ளூர்க் குமாஸ்தாக்கள் செய்தார்கள். பட்டியல் போடுகிறவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, 'கொல்கத்தாவின் பத்துப் பேய் இடங்கள்' என்று விற்கிறார்கள்.

நினைவுச்சின்னத்துக்கும் பேய்க்கும் உள்ள இந்தப் போட்டியை அதே சதுக்கத்தில் இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 1756 ஜூனில் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா ஆங்கிலேயரின் கோட்டையைப் பிடித்த இரவில், இருட்டறையில் அடைக்கப்பட்ட 146 பேரில் 123 பேர் மூச்சுத் திணறிச் செத்ததாக, அதில் உயிர் தப்பிய ஹால்வெல் எழுதினார். எண்ணிக்கை மிகை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1915இல் லிட்டில் என்பவர் முழுக் கதையையே புரட்டு என்றார். ஹால்வெல் எழுப்பிய தூண் 1821இல் அகற்றப்பட்டது. கர்சன் 1902இல் சலவைக்கல்லில் மீண்டும் எழுப்பினார். சுபாஷ் சந்திர போஸ் முன்னின்ற கிளர்ச்சிக்குப் பிறகு 1940இல் அது செயின்ட் ஜான் தேவாலய வளாகத்துக்குப் பெயர்ந்தது. ஆவியை விரட்ட மந்திரவாதி போதும். கல்லை அகற்றக் கிளர்ச்சி வேண்டியிருந்தது.

ஆண்டவனையும் ஆளப்பட்டவனையும் ஒரே சுடுகாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் சத்யஜித் ராய். 1969இல் வந்த 'கூப்பி காயேன் பாகா பாயேன்' படத்துப் பேய் நடனத்தில் நான்கு கூட்டங்கள் வருகின்றன. அரசர்கள், குடியானவர்கள், தொப்பி போட்ட துரைகள், தொந்தி பெருத்த பணக்காரர்களும் பண்டிதர்களும். நடனம் சண்டையாகிறது. ஒவ்வொரு கூட்டமும் தனக்குள்ளேயே வெட்டிக்கொண்டு சாகிறது, செத்தபின்னும். அந்தக் காட்சிக்கு அவர் எடுத்துக்கொண்டது நம்முடைய கர்நாடகத் தாளவாத்தியங்கள். மிருதங்கம் அரசர்களுக்கு, கஞ்சிரா குடியானவர்களுக்கு, மோர்சிங் தொந்திக்காரர்களுக்கு. துரைகளுக்கு வாய்த்தது கடம். விறைப்பாகத் தட்டும் அந்த ஓசைக்கு துரைகள் பொம்மைபோல ஆடுவார்கள். கம்பெனி ஆட்சியைப் பற்றி இவ்வளவு சுருக்கமான விமர்சனம் வேறெதிலும் நான் கண்டதில்லை.

ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து 2013 அக்டோபரில் மாநில அரசு ஹௌராவின் நபன்னாவுக்கு மாறியது, பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதற்காக என்று சொல்லி. ஆட்கள் குறைந்த கட்டடத்தில் கதைகள் கூடும் என்பதால், இனி வருபவற்றைப் பதிவு செய்ய இதுவே சரியான நேரம். இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றில், சொன்னவர் யார் என்பது இல்லை. இரவுக் காவலரா, தூய்மைப் பணியாளரா, கோப்பு தூக்கிய பியூனா, எந்த ஆண்டில், எந்தத் தளத்தில் என்ற விவரமே இல்லாமல் 'சொல்லப்படுகிறது' என்று முடித்துவிடுகிறார்கள். சென்னையிலும் தரங்கம்பாடியிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய மாளிகைகளைப் பற்றிக் கதை கேட்கிறவர்களும் இதே தவறைச் செய்கிறோம். அடுத்த முறை ஒரு காவலாளி உங்களிடம் பேய்க்கதை சொன்னால், பேயின் பெயரைக் குறித்துக்கொள்வதற்கு முன், அவர் எத்தனை வருடமாக அங்கே வேலை பார்க்கிறார், அதை அவருக்கு யார் சொன்னது என்று கேட்டு எழுதிவையுங்கள்.